நாலு கொம்பு ரூட்டரும் நாலு மணிப் பேருந்தும்

வாடிக்கையாளர் தன் சொந்தக் காசில் ஒரு ரூட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, "இத மாட்டிக் குடுங்க" என்று கூப்பிட்டால் உங்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மீதிப் பேர், "கம்பெனில ஒத்துக்க மாட்டாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுகிறீர்களாம். கம்பெனி எப்போது அப்படிச் சொன்னது? நாம் மாட்டிக் கொடுக்கும் இன்டர்நெட் பெட்டி வரைக்கும் நம் பொறுப்பு, அதற்கு அப்பால் அவர்கள் எதை மாட்டிக்கொண்டாலும் அவர்கள் விருப்பம். இதுதான் விதி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேன் என்றானாம். நம் ஆபீஸில் பூசாரிகள் ஜாஸ்தியாகிவிட்டார்கள் போலிருக்கிறது.

எடுத்த எடுப்பில் திட்ட ஆரம்பித்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற பிறகு திட்டுவதற்கு எனக்கு ஆள் கிடைப்பதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று மேனேஜர் கேட்டதும் மகிழ்ச்சியாக உட்கார்ந்துவிட்டேன். எந்த ஒயரை எங்கே செருகுவது, எந்தப் பக்கத்தைத் திறந்து எதை மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் தொடப் போவதில்லை. வெள்ளிமலையில் ஒரு நாள் பார்த்த ஒரே ஒரு வேலையைச் சொல்கிறேன்.

அப்போது எனக்குக் கள்ளக்குறிச்சி ஆபீஸில் மேஜை வேலை. இந்த வயதில் மலைப் பாதையில் பைக் ஓட்ட வேண்டாம் என்று நல்ல மனதோடு உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளிமலையில் ஒரு வீட்டிலிருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. நெட் நடுவில் நடுவில் நின்றுபோகிறது. நம் ஆட்கள் காலையில் ஏறிப் போவார்கள், சோதித்துப் பார்ப்பார்கள், எல்லாம் சரியாக இருக்கும். "லைன் ஓகே" என்று புகாரை முடித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். சில நாள் கழித்து அதே புகார் மறுபடியும் வந்து நிற்கும்.

ஒரு நாள் காலையில் அந்த வீட்டுப் பெண்ணே ஆபீசுக்குப் போன் செய்தார். பெயர் ரேவதி. நான்தான் எடுத்தேன்.

"சார், உங்க பொட்டி எனக்கு வேணாம். நானே நல்ல ரூட்டரா ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். அத மாட்டிக் குடுக்க ஒரு ஆள அனுப்புங்க. போன தபா வந்தவரு, அதெல்லாம் கூடாதுன்ட்டு போய்ட்டாரு."

"தாராளமா மாட்டலாம்மா. சாயங்காலத்துக்குள்ள ஆள் அனுப்புறேன்."

"சாயங்காலம் வேணாம் சார். தெனம் நாலு மணிக்கு எனக்கு மீட்டிங் கீது. இன்னிக்கும் நடுவுல கட்டாச்சுன்னா சென்னைக்கு வந்து ஆபீஸ்லயே உக்காந்து வேல செய்யணும்னு சொல்லிட்டாங்க. ரெண்டு வயசுப் புள்ளய வச்சிக்கினு நான் அங்க எப்புடி சார் போவேன்? வேலய வுட வேண்டிதுதான்."

குரல் கொஞ்சமும் உயரவில்லை. கத்துகிற வாடிக்கையாளர்களை நான் ஆயிரம் பேர் பார்த்தவன், அவர்கள் கத்தி முடித்ததும் சரியாகிவிடுவார்கள். இப்படி அமைதியாகச் சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். மேஜையை அப்படியே விட்டுவிட்டு நானே பைக்கை எடுத்தேன்.

வெள்ளிமலை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே அந்த வீடு. மேலே குடித்தனம், கீழே மளிகைக் கடை, கடையின் ஓரத்தில் டீ. கடைக்காரர் ஏழுமலை, ரேவதியின் மாமனார். வடக்கனந்தல் பக்கத்திலிருந்து வந்து மலையில் கடை போட்டவர். சுற்றுப்பட்ட மலை ஊர்களிலிருந்து நடந்தும் ஜீப்பிலும் வருகிறவர்கள் பேருந்து வரும்வரை அவர் கடை வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு நீள பெஞ்சு, ஒரு குடம் தண்ணீர், வெயிலுக்கு மேலே தகரம். எதுவும் வாங்காதவனையும் எழுந்து போ என்று அவர் சொல்லி நான் பார்த்ததில்லை. நானும் பழைய நாட்களில் மலைக்கு வந்தால் அந்த பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

"வாங்க சார், பாத்து எவ்ளோ நாளாச்சு" என்றார் ஏழுமலை. "மருமவ இன்னாமோ புதுப் பொட்டி வாங்கி வச்சிக்கினு கீது. நாலு கொம்பு வச்சிருக்குது அதுக்கு. முட்டாம பாத்துக்குங்க."

மாடியில் ஜன்னலோரம் ஒரு மேஜை, அதில் மடிக்கணினி. தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ரேவதிக்குப் பிறந்த ஊர் மூங்கில்துறைப்பட்டு. கணினி படித்தவர். ஒரு சென்னைக் கம்பெனிக்காக, ஆஸ்பத்திரிகள் அனுப்பும் இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்க்கும் வேலை. கணவர் சரக்கெடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருந்தார்.

வேலையைத் தொடங்கும் முன் நம் பெட்டியை ஒரு முறை சோதித்தேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேகம் குறையவில்லை, ஒயரிலும் கோளாறு இல்லை. நம் ஆட்கள் "லைன் ஓகே" என்று எழுதியது பொய் இல்லை. ஆனாலும் அவர் கேட்டது புது ரூட்டர். அதனால் நம் பெட்டியை லைனை வாங்கி உள்ளே கொடுக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதன் வைஃபையை அணைத்துவிட்டு, நாலு ஆன்டெனா நீட்டிய புதியதை மாட்டினேன். புதுப் பெயர், புது பாஸ்வேர்டு. ரேவதி சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன்.

"இது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும் சார்" என்றார்.

வீடியோ போட்டுப் பார்த்தார், பெரிய பெரிய ஃபைல்களை அனுப்பிப் பார்த்தார். எல்லாம் பறந்தது. முதல் முறையாகச் சிரித்தார். நீங்களாக இருந்தால் அந்தச் சிரிப்பைக் கண்டதும் பையை மாட்டியிருப்பீர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கெட்டுப்போகாத ஒரு பெட்டியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்திருக்கிறேன். அப்படியானால் கெட்டுப்போனது எது? அது இன்னும் அங்கேயேதான் எங்கோ இருக்கிறது, நாலு மணிக்கு வந்து என் மானத்தை வாங்கும். நாலு மணி வரை இருந்துவிட்டே போவது என்று முடிவு செய்து டீ குடிக்க இறங்கினேன்.

பெஞ்சில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டு, ஆபீஸிலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று போனை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. கடை வாசலில் வந்து இறங்கியதிலிருந்து பையில் டிங் டிங் என்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த போன் புது ரூட்டர் மாட்டிய பிறகு ஊமையாகிவிட்டிருந்தது. அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், உடனே போகும். அப்படியானால் காலையிலிருந்து இந்தச் செய்திகளெல்லாம் எந்த வழியாக வந்துகொண்டிருந்தன?

அதற்குள் பெஞ்சில் இருந்த ஒருவர், "ஏழுமல அண்ணே, நெட்டு போச்சா?" என்றார். கொஞ்ச நேரத்தில் ஜீப்பிலிருந்து இறங்கிய இன்னொருவர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து அதையே கேட்டார். பிறகு ஒரு அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்போதோ ஒரு நாள் பைக் இல்லாமல் வந்து இதே பெஞ்சில் பேருந்துக்காக உட்கார்ந்திருந்தபோது, "சிக்னல் வராது சார், நம்ம வூட்டு வைஃபையப் போட்டுக்கோங்க" என்று ஏழுமலை என் போனை வாங்கித் தானே பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்தார். அன்று முதல் நான் அந்தப் பக்கம் தலைகாட்டினாலே என் போன் தானாக அந்த வைஃபையில் போய் ஒட்டிக்கொள்கிறது. எனக்கு மட்டுமா கொடுத்திருப்பார்? இந்த பெஞ்சில் ஒரு முறை உட்கார்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் அடித்துக் கொடுத்திருக்கிறார். தண்ணீர் கேட்டால் தண்ணீர், நெருப்பு கேட்டால் நெருப்பு, அதே மாதிரி வைஃபையும். அவருக்கு இதில் எந்த வித்தியாசமும் இல்லை.

கீழே இறங்கும் கடைசிப் பேருந்துகளில் ஒன்று நாலு மணியை ஒட்டி வரும். அதற்கு முன்பு அந்த வாசலில் கூட்டம் நெருக்கும். ரேவதியின் மீட்டிங் தினமும் நாலு மணிக்கு. வீட்டுக்கு என்று கொடுத்த ஒரு சின்னப் பெட்டியில் அவ்வளவு போனும் ஒரே நேரத்தில் வந்து தொங்கினால் அது என்ன செய்யும்? நம் ஆட்கள் காலையில் போய்ச் சோதித்தார்கள், காலையில் வாசல் காலி. வேலை முடிந்து அதே பெஞ்சில் டீ குடித்த நம் ஆட்களின் போன்களும் அந்தப் பெட்டியில் தொங்கியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புகாரைத் தீர்க்கப் போனவர்களே புகாருக்கு ஒரு கை கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. ஏழுமலை கல்லாவை விட்டு எழுந்து வந்து எதிரில் நின்றார்.

"இன்னா சார் பண்ணீங்க? யாருக்குமே நெட்டு வரலன்றாங்க."

"புது ரூட்டர் மாட்டியிருக்குங்க. பேரும் பாஸ்வேர்டும் மாறிப்போச்சு."

"அவ்ளோதானா. அந்தப் புது பாஸ்வேர்ட சொல்லுங்க, எல்லாருக்கும் போட்டுக் குடுத்துர்றேன்."

நான் டீ குடிப்பது போல் நேரம் கடத்தினேன். அவர் விடவில்லை.

"சொல்லுங்க சார். கனெக்‌ஷன் யார் பேர்ல கீது?"

கனெக்‌ஷன் அவர் பேரில்தான் இருக்கிறது. கேட்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ரூட்டர் ரேவதியுடையது, யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சொன்னவர் அவர். கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிவிட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிமிடம் நான் மத்தளம்.

இந்த இடத்தில்தான் தம்பி, தங்கைகளே, நீங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டால் விதிப்படி நான் செய்தது சரி. நாலு மணிக்குப் புதுப் பெட்டியும் திணறும், அந்தப் பெண்ணின் வேலை போகும், ஆனால் என் மேல் குற்றம் வராது. சொல்ல மாட்டேன் என்றால் பெரியவரைக் கடை வாசலில் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியதாகிவிடும். நான் பைக் ஏறிப் போய்விடுவேன், அந்தச் சண்டையை ரேவதி அந்த வீட்டில் இருந்து அனுபவிக்க வேண்டும். தெரியாது, மறந்துவிட்டது என்று மழுப்புவது மூன்றாவது வழி. சுலபமானது அதுதான். என் வாய் வரைக்கும் வந்தும்விட்டது. ஆனால் சட்டென்று வாய்க்கு வருகிற பதில் பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றிக்கொள்வதற்கான பதிலாகத்தான் இருக்கும். அதை விழுங்கிவிட்டேன்.

"சொல்றேங்க. உங்க லைன், உங்களுக்குச் சொல்லாம இருப்பேனா? ஆனா பொட்டி உங்க மருமகளோடது. மேல வாங்க, அவங்க முன்னாடியே சொல்றேன்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கடையை டீ மாஸ்டரிடம் விட்டுவிட்டு மாடி ஏறினார்.

மேலே போய் நான் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். பழைய பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, பேருந்து நேரத்துக் கூட்டம் முழுக்க அதில் தொங்கியதுதான் காரணம் என்றேன். ரேவதி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். மாமனார் இரண்டொருவருக்குக் கொடுத்திருப்பார் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே கொடுத்திருப்பார் என்று தெரியாது.

"கேக்குறாங்க, குடுக்குறேன்" என்றார் ஏழுமலை. "நாலு பேரு வந்து உக்காருற எடம். இதப் போயி இல்லன்னு சொல்றதா? அதுவுமில்லாம நீ மேல போன்ல பேசிக்கினுதான இருக்க. அதுக்கு எவ்ளோ நெட்டு வேணும்?"

"போன் பேசல மாமா. அதான் என் வேல." ரேவதி மடிக்கணினியைக் காட்டினார். "தெனம் நாலு மணிக்கு எங்க மேனேஜர் பத்து பேர ஒண்ணா வச்சி பேசுவாங்க. தெனம் என் மூஞ்சிதான் நின்னு நின்னு போவுது. இன்னிக்கும் அப்புடி ஆச்சுன்னா சென்னைக்கு வந்துருன்னுட்டாங்க. நான் எங்க போறது? வேலய வுடணும்."

ஏழுமலை தூளியைப் பார்த்தார், பிறகு மருமகளைப் பார்த்தார்.

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லியேம்மா."

"சொன்னா, அப்புடியாப்பட்ட வேல இன்னாத்துக்கு, வுட்டுடுன்னு சொல்வீங்கன்னு பயம் மாமா."

எனக்கு அந்தப் பெண்ணை நினைத்தும் கஷ்டமாக இருந்தது, அந்த மனிதரை நினைத்தும் கஷ்டமாக இருந்தது. ஒரே கூரையின் கீழ் மாடிக்கும் கடைக்கும் நடுவில் ஒரு படிக்கட்டுதான். இத்தனை நாளாக அவருடைய தாராளம் இவருடைய வேலையை அறுத்துக்கொண்டிருந்தது, இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

அதற்குப் பிறகு ரேவதி கேட்டார், "அப்ப நான் இந்த ரூட்டர வாங்குனதே தண்டமா சார்?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அது உண்மையாகக்கூட இருந்திருக்கும். பழைய பெட்டியிலேயே பாஸ்வேர்டை மாற்றினால் அவர் பிரச்சினை தீர்ந்திருக்கும். நம்மில் சிலருக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தால் போதும், வெளியில் வாங்கிய பெட்டியை மட்டம் தட்டிவிட்டுத்தான் மறு வேலை. ஆனால் பழைய பெட்டியால் முடியாத ஒன்றை அந்த நாலு கொம்பு ரூட்டர் செய்யும். ஒரே லைனை வீட்டுக்குத் தனி, விருந்தாளிக்குத் தனி என்று அதில் பிரித்து வைக்கலாம்.

"இல்லம்மா. உங்க மாமாவும் குடுக்கலாம், நீங்களும் வேல செய்யலாம். இதாலதான் அது முடியும்" என்றேன். பிறகு ஏழுமலையிடம் திரும்பி, "ஒரே தண்ணித் தொட்டிங்க. வூட்டுக்கு ஒரு குழா, வாசலுக்கு ஒரு குழா போட்டுத் தர்றேன். வாசக் குழாவ பாதி மூடி வச்சிருவேன். எத்தினி பேரு வந்து புடிச்சாலும் வூட்டுக் குழால தண்ணி கொறையாது."

"வாசல்ல வர்றவங்களுக்குச் சுத்தமா வராமப் போய்டுமா?"

"வரும். கொஞ்சம் மெதுவா வரும். செய்தி பாக்கலாம், பேசலாம். சினிமா பாத்தா நின்னு நின்னு வரும்."

"சினிமா எதுக்கு, பஸ்ஸுக்கு வந்தவனுக்கு" என்றார் ஏழுமலை.

ரூட்டர் ரேவதியுடையது, அதனால் அவர் தலையசைத்த பிறகே கை வைத்தேன். வாசல் பக்கத்துக்கு ஒரு புதுப் பெயரை வைக்காமல் பழைய பெயரையே, பழைய பாஸ்வேர்டையே கொடுத்தேன். ஒருவரையும் கூப்பிட்டு மறுபடி அடித்துக் கொடுக்க வேண்டியதில்லை, மலை முழுக்க இருக்கும் போன்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். என் பையிலிருந்து டிங் என்று சத்தம் வந்தது.

வேலை முடிந்தது. நான் கிளம்பவில்லை. ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் மறக்காதீர்கள். வாடிக்கையாளர் எந்த நேரத்தில் கஷ்டப்படுகிறாரோ அந்த நேரத்தில் சோதிக்காத வரைக்கும் நீங்கள் எதையும் சோதிக்கவில்லை. நமக்கு வசதியான நேரத்தில் எல்லா லைனும் ஓகேதான்.

மூன்றரைக்கு மேல் வாசல் நிரம்ப ஆரம்பித்தது. சாமை மூட்டையோடு வந்தவர்கள், கடுக்காய்ப் பையை மடியில் வைத்திருந்தவர்கள், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். பெஞ்சில் இடம் போதாமல் படிக்கட்டின் அடியிலும் உட்கார்ந்தார்கள். எல்லார் கையிலும் போன். நான் மாடிப்படியின் நடுவில் நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் கீழே கூட்டம் தெரியும், காதைக் கொடுத்தால் மேலே ரேவதி பேசுவது கேட்கும். குழாய்க் கணக்கு சொல்லிவிட்டேனே தவிர, அது இந்தக் கூட்டத்துக்குத் தாங்குமா என்று எனக்கே நிச்சயமில்லை. அவர் மேனேஜருக்கு வணக்கம் சொல்வது கேட்டது. மீட்டிங் ஆரம்பித்துவிட்டது.

அதே நேரத்தில் ஏழுமலை கடையிலிருந்து வெளியே வந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவில் போய் நின்றார்.

"எல்லாரும் கொஞ்ச நேரம் போன எடுத்து வச்சிருங்கப்பா. எம் மருமவ மேல மீட்டிங்ல கீது. முடிஞ்சதும் நானே சொல்றேன்."

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் போனைப் பையில் போட்டார்கள். பாட்டு கேட்டுக்கொண்டிருந்தவர் காதிலிருந்ததைக் கழற்றினார். ஏழுமலை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து என் எதிரில் நின்று, என் சட்டைப் பையையும் பார்த்தார். நானும் போனை எடுத்து அணைத்தேன்.

பிறகு மெதுவாகச் சொன்னேன், "இது தேவையே இல்லீங்க. எல்லாரும் பாத்தாலும் ஒண்ணும் ஆவாது. புதுப் பொட்டி பாத்துக்கும்."

"பொட்டி பாத்துக்கும் சார்" என்றார். "நான் பாத்துக்க வேணாமா?"

திரும்பிப் போய், கடைப் படியில் கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குப் பேருந்தும் நேரத்துக்கு வரவில்லை. அவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிற வாசலில், மேலிருந்து ரேவதி பில் எண்களை ஒவ்வொன்றாகப் படிப்பது கீழே வரைக்கும் கேட்டது.

ஒரு வழியாக மாடிப்படியின் உச்சியில் ரேவதி வந்து நின்றார். ஹெட்போன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது.

"மாமா, ஒரு தபா கூட கட்டாவல. சென்னைக்கு வர வேணாம், அங்கேர்ந்தே செய்யுன்னுட்டாங்க."

ஏழுமலை மருமகளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். வாசல் பக்கம் திரும்பி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ம், இப்ப எடுத்துப் பாருங்கப்பா" என்றார்.